சேர்க்காத ஆட்டம்

அந்தப் பெயரைச் சொன்னதற்குத்தான் முதல் அடி விழுந்தது.

அடிப்பதற்கு முன் பெரியவர் எர்மேத்தே பல்தூச்சி தன் மேல்கோட்டைக் கழற்றி, மடித்து, பத்திரிகைக்காரன் லோரிஸின் மாடி அறை நாற்காலியில் வைத்தார். முறை தெரிந்த மனிதர். பிறகு அவருடைய கைத்தடி லோரிஸின் வாயில் இறங்கியது. பல் ஒன்று ரத்தத்தோடு மேசையிலிருந்த மடிக்கணினியின் மேல் தெறித்தது.

"அந்தப் பேர் என் வீட்ல செத்துப்போச்சு. அதைப் பேப்பர்ல போட உனக்கு யாருடா உரிமை குடுத்தது?"

லோரிஸின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தவன் பெரியவரின் இளைய மகன் அமேதேயோ. ஊர் கால்பந்து அணியின் பயிற்சியாளன்.

திங்கட்கிழமைப் பத்திரிகை தரையில் கிடந்தது. இத்தாலியின் மார்க்கே வட்டாரத்துக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் ஆட்ட முறையை லோரிஸ் எண்களாக்கி, சிலந்தி வலை போல வரைந்து அதில் வெளியிட்டிருந்தான். யார் தற்காப்பு வரிசையை எவ்வளவு முன்னே நிறுத்துகிறார், பந்தை எவ்வளவு சீக்கிரம் பறிக்கச் சொல்கிறார் என்பதெல்லாம் அவரவர் வலையின் வடிவத்திலேயே தெரிந்துவிடும்.

அமேதேயோவின் வலைக்குப் பக்கத்தில், அவனுக்கு முன் பயிற்சியாளனாக இருந்த அவன் அண்ணன் நெவியோவின் வலையும் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்தான் என்று ஆயுள்தடை பெற்றவன் நெவியோ. தீர்ப்பு வந்த அன்றே அவன் துணிமணிகளை மாடியிலிருந்து தெருவில் வீசியவர் பெரியவர்.

"படம்தானே பெரியவரே போட்டேன். ஒரு வார்த்தை தப்பா எழுதலையே." லோரிஸ் ரத்தத்தைத் துப்பினான்.

"திருட்டுப்பய படமும் என் படமும் பக்கத்துப் பக்கத்துல! காபி குடிக்கப் போனா ஊரே சிரிக்குது." அமேதேயோ கையை இன்னும் முறுக்கினான். தோள் மூட்டு மளுக்கென்றது. லோரிஸ் அலறினான்.

"கத்துடா, நல்லாக் கத்து. கீழே டயர் கடை சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது."

பெரியவர் தடியின் முனையால் பத்திரிகையைத் தொட்டார். "அந்தப் பய படத்துக்குக் கீழே, ஒரு ஆட்டத்தைச் சேர்க்கலைன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கியே. ஏன்?"

"அது எதுக்குப்பா இப்ப? தாடையைப் பேத்துட்டுப் போவோம்."

"நீ சும்மா இரு. டேய், சொல்லு."

"அவரு காசு வாங்கினதாச் சொன்ன ஆட்டம் அது. அவரு வலையில ஒட்டவே மாட்டேங்குது."

தடி முழங்காலில் பாய்ந்தது. லோரிஸ் அமேதேயோவின் பிடியிலேயே தொங்கினான்.

"காசு வாங்கினவன் ஆட்டம் கோணலாத்தான் இருக்கும். இதுக்கு ஒரு படம் வேணுமா உனக்கு?"

"அதில்ல பெரியவரே. நெவியோவுக்குத் தோக்கணும்னா, எப்பவும்போல எல்லாரையும் மேல ஏத்திவிட்டாலே போதும். பின்னாடி கோல் தொறந்து கிடக்கும், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். ஆனா அன்னைக்கு மொத்த அணியும் பின்னாடி போய் ஒண்டிக்கிச்சு. கோல்கீப்பர் நீளநீளமா உதைச்சுப் பந்தை எதிராளிக்கே குடுத்தான். அது வேற ஆளோட கை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஒரு ஆட்டத்தைத் தனியா வரைஞ்சேன். உங்க சின்னவரு வலை மேல வச்சா, கோட்டுக்குக் கோடு பொருந்துது."

அன்று நெவியோவுக்கு, நடுவரைத் திட்டியதற்காக அந்த ஓர் ஆட்டத்துக்குத் தடை. அவன் பார்வையாளர் வரிசையில் இருந்தான். மைதான ஓரத்தில் நின்றவன் அவனுடைய துணைப் பயிற்சியாளனான அமேதேயோ.

ஆனால் தடை வாங்கியவன் மேலே உட்கார்ந்தபடி போனில் அணியை நடத்துவான், கீழே நிற்பவன் வெறும் பொம்மை என்பது இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தீர்ப்புச் சொன்னவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நெவியோ மறுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

"இதை வேற யாரு பார்த்தாங்க?" பெரியவரின் குரல் தணிந்திருந்தது.

"இன்னும் யாரும் பார்க்கல. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நாளைக்கு ரோமுக்கு, கால்பந்துச் சங்கத்துக்கு எடுத்துட்டுப் போறேன். தடையை நீக்கச் சொல்லி மனு போடலாம். நெவியோ ஒரு தப்பும் பண்ணல, பெரியவரே. உங்க பையன் வீட்டுக்கு வரலாம்."

பெரியவர் இளைய மகனைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. தடியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே ஓங்கினார்.

அமேதேயோவின் பிடி நழுவியது. அவன் மண்டியிட்டு அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டான்.

"அடிச்சுக் கொன்னுடுங்கப்பா! நான்தான் காசு வாங்கினேன். அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது!"

தடி இறங்கியது. கம்ப்யூட்டரின் திரை சிதறியது. அடுத்த அடியில் அது இரண்டாகப் பிளந்தது. அதைக் காப்பாற்ற நீண்ட லோரிஸின் விரல்கள் அதற்கடுத்த அடியில் நசுங்கின. பின்மண்டையில் ஒன்று விழுந்ததும் அவன் சரிந்தான். அவன் அசைவற்றுக் கிடந்த பிறகும் பெரியவர் அந்தக் கம்ப்யூட்டரை விடவில்லை. தூள்தூளாக்கினார்.

அமேதேயோ வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தான். "அப்பா... நான் இப்ப சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

பெரியவர் மூச்சு வாங்க மகனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமாடா? அன்னைக்கு ஆட்டம் முடியற வரைக்கும் நெவியோ என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான். போனைத் தொடவே இல்ல."