எல்மர் ஊரில் இல்லை

"எல்மர் வரட்டும், ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் காபி ஆறிடாம பார்த்துக்கங்க," என்றான் வால்டர் கீஸ்பிரெக்ட், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு.

ஊர்க்கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வாசலில் மணல் மலையாய்க் குவிந்திருந்தது. பக்கத்தில் பிரிக்காத சாக்குக் கட்டுகள். மாலை ஆறு மணிக்கு ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடும் என்று வானொலி சொல்லிவிட்டது. இப்போது மணி பத்து. கீழ்த்தெருவின் முப்பது வீடுகளுக்கு மிச்சமிருந்தது எட்டு மணி நேரம். அந்த வீடுகளில் ஒன்று ஊர்த் தலைவி அகதா பென்னருடையது. கடைசி வீடு எல்மர் ஃப்ரீசனுடையது.

கூடத்துச் சுவரில் டிராக்டர்மேல் நின்று சிரித்தார் எல்மர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒற்றை ஆளாய் மண்கரை எழுப்பி ஊரைக் காத்தவர். அதன்பின் குழாய் உறைந்தாலும் தேவாலயக் கூரை ஒழுகினாலும் ஊர் செய்த முதல் வேலை எல்மரைக் கூப்பிடுவதுதான். பெரும்பாலும் அதுவே கடைசி வேலையும்.

அகதாவின் போன் ஒலித்தது. ஜன்னலோரம் போய் வெகுநேரம் கேட்டாள். "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

"எல்மர்தானே? கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டார். கால்கரிக்கு, மகள் வீட்டுக்கு."



"ஓடிட்டானா?" என்றான் வால்டர்.

"அவருக்கு எழுபத்தெட்டு, வால்டர். உனக்கு ஐம்பது."

"எனக்கு முதுகுவலி."

"போன வாரம் அந்த முதுகு ஹாக்கி ஆடிச்சே," என்றாள் அவன் மனைவி ஹில்டா.

சிரித்துக்கொண்டும் எல்மரைத் திட்டிக்கொண்டும் எழுந்தார்கள். மணற்குவியலிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு மனிதச் சங்கிலி நீண்டது. யாரும் நகரவில்லை, மூட்டைகள் மட்டும் கைமாறி நகர்ந்தன.

"முழுசா ரொப்பாதே, வால்டர். பாதி போதும். வாயையும் கட்டாதே," என்றாள் அகதா. "உருண்டையா இருந்தா ஒண்ணுமேல ஒண்ணு படியாது. இடுக்குல தண்ணி பூந்துடும்."

"யார் சொன்னது?"

"சாக்குக் கட்டுலயே அச்சடிச்சிருக்கு. இருபது வருஷமா யாரும் படிக்கல."

மதியத்துக்குமேல் மணல்மூட்டைச் சுவர் எல்மர் வீட்டின் பின்புறத்தை எட்டியது. திரைச்சீலைகள் மூடிக் கிடந்தன.

"வீட்டைக்கூட விட்டுட்டு ஓடியிருக்கான் பாரு. இந்த இடத்துல மட்டும் இடைவெளி விட்டுடலாமா?" என்றான் வால்டர்.

"விடு. இங்க நுழையற தண்ணி அடுத்து உன் வீட்டுக்குத்தான் வரும்," என்றாள் அகதா.

வால்டர் முனகியபடியே அந்த இடத்தில் இரண்டு வரிசை கூடுதலாக அடுக்கினான். அகதா திரைச்சீலையை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த மூட்டைக்குக் கை நீட்டினாள்.

ஆறு மணிக்குத் தண்ணீர் சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. நின்றபடியே இருந்தது. ஏழு மணிக்கு இரண்டு விரல் இறங்கியது. சுவரில் ஒரு பொட்டு ஈரம்கூடக் கசியவில்லை. வால்டர் தன் மூட்டைகள் எவை என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

சாசேஜ் வைத்த ரொட்டியோடு அகதா எல்மர் வீட்டுப் பின்கதவை இருமுறை தட்டினாள். கதவு உள்ளிருந்து திறந்தது.

"நல்லாத் திட்டினாங்க. ஒண்ணு விடாம கேட்டுச்சு," என்றார் எல்மர், ரொட்டியை வாங்கிக்கொண்டு.

"சுவர் உடைஞ்சிருந்தா முதல்ல போயிருப்பது நீங்கதான்."

"நாப்பது பேர் கட்டினது. உடையாது."

"நீங்களும் வந்திருந்தா நாப்பத்தொண்ணு ஆயிருக்குமே."

"வந்திருந்தா ஒண்ணுதான், அகதா. அன்னைக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு." எல்மர் ரொட்டியைப் பிட்டார். "அன்னைக்கு என் கரை விரிசல் விட்டுடுச்சு, எதிர்க்கரை முந்திக்கிட்டு உடைஞ்சு தண்ணி அந்தப் பக்கம் போனதால ஊர் பிழைச்சுது."