ரெண்டுக்கு ஒண்ணு

ஜட்காவிலிருந்து பேங்க் ஏஜெண்டு வெங்கடராகவன் இறங்கினார். பின்னாலேயே பியூன் சிட்டிபாபு ஒரு பெரிய இரும்புப் பெட்டியை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான். கணக்குப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போகத்தான் பெட்டி என்று மண்டிக்காரர் செங்கல்வராயன் நினைத்துக்கொண்டார். கடன் கொடுத்தவர் வாசலுக்கே வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

சித்தூரில் அவருடைய வெல்ல மண்டிக்குக் கொஞ்ச நாளாகவே சனி பிடித்திருந்தது. மாநில எல்லையை மாற்றியதில் திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் பக்கம் போனதும், அங்கே கடனுக்குச் சரக்கெடுத்த வியாபாரிகள் எல்லையைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். நாளைக்குச் சந்தை. பங்காருபாளையத்து விவசாயிகளுக்கு எடை போட்ட கையோடு பணம் தராவிட்டால், அப்புறம் ஒரு வண்டிகூட அவர் மண்டியில் நிற்காது. பேங்க் கடனைப் புதுப்பித்தால்தான் பிழைப்பு.

ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால், சரக்கு, வரவேண்டியது, ரொக்கம் எல்லாம் சேர்த்து ரெண்டு ரூபாய்க்கு இருக்க வேண்டும். போன வருஷம் ஏஜெண்டு சொன்ன கணக்கு அது. அதற்காகவே பக்கத்து மண்டியில் இரவல் வாங்கிய மூட்டைகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார். மனைவி தாட்சாயணியின் நகைகளைக் காலையில்தான் சேட்டுக் கடையில் வைத்துக் கல்லாவையும் நிரப்பியிருந்தார்.

ஏஜெண்டு மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரக்கை விடுங்கோ. அது என்னிக்கு வித்து, என்னிக்குக் காசாறது? இன்னிக்கே கையில எடுக்கற ரொக்கம் எவ்வளவு?"

"ஏழாயிரம் கீதுங்க சார்."

செங்கல்வராயன் கல்லாவைத் திறந்து காட்டினார். தாட்சாயணியின் வெறுங்கழுத்து ஞாபகம் வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெங்கடராகவன் ஒவ்வொரு கட்டாக எடுத்து எண்ணினார். சரியாக இருக்கிறது என்று தலையாட்டியபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. செங்கல்வராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப, கடனைப் புதுப்பிச்சிடுவீங்களா சார்?"

ஏஜெண்டு போய்த் தெருக்கதவைச் சாத்தினார். சிட்டிபாபு பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை.

ஏஜெண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இதை அப்படியே எங்க பேங்க்ல டெபாசிட் போட்டுடுங்கோ. போட்ட பணத்தைக் கேட்டுக் காலையிலேருந்து வாசல்ல ஜனம் நிக்கறது."