மூன்றாவது கையெழுத்து

சித்தப்பா பேனாவைத் திறக்கவே இல்லை.

மேஜைமேல் கல்விக்கடன் விண்ணப்பம் விரிந்து கிடந்தது. மகள் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்பாவும் போட்டாயிற்று. ஜாமீன்தாரர் என்ற கட்டம் மட்டும் காலி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வங்கியின் ஒப்புதல் கடிதத்தைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால், பட்டியலில் அடுத்திருக்கும் யாரோ ஒரு பெண்ணுக்கு அவள் இடம் போய்விடும். இன்று புதன்.

“இதுல நான் போட முடியாதுண்ணே,” என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“முடியாதா, மனசில்லையா?”

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விண்ணப்பத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். வீடு வீடாய்ப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற உத்தியோகம். முதுகுக்குப் பின்னால் இந்த வீட்டில் அவருக்குப் பேரே மீட்டர்தான்.

படித்து முடித்து மகளிடம் மட்டும் பேசினார். கடனில் இரண்டு வகை இருக்கிறதாம். பெரிய கடனில் கட்டணம், விடுதி, மடிக்கணினி எல்லாம் அடங்கும். ஆனால் மூன்றாம் ஆள் ஜாமீன் வேண்டும். பணம் கை மாறிய மறுமாதமே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். சின்னக் கடன் கட்டணத்துக்கு மட்டும். ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் வட்டி.

“விடுதி வேணாம்மா. ரயில்ல போய்ட்டு வந்துடு. நாலு வருஷம்தானே.”

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவள் சரி என்று தலையாட்டினாள். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே பாதியைப் பேசி முடித்திருந்தாள்.

“உங்ககிட்ட கையெழுத்துத்தான் கேட்டோம் தம்பி. காசு கேக்கல.”

“தெரியும் அண்ணி.”

“உங்களுக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

சித்தப்பாவுக்குக் குழந்தை இல்லை. சொன்னவளே அடுத்த கணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா நிறுத்தவில்லை. பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. தகப்பன் போன பிறகு இவனைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தது, தன் சட்டையை வெட்டி இவனுக்குத் தைத்தது, வளர்த்த கடா மார்பில் பாய்வது. சொந்த அச்சகம் நொடித்துப்போய் இன்னொருவன் அச்சகத்தில் கூலிக்கு நிற்கிற போதுகூடத் தான் எவனிடமும் போய் நிற்கவில்லையாம். அச்சகத்துக்கு வாங்கின கடனைக்கூட வங்கி தானாகத் தள்ளுபடி செய்துவிட்டதாம். கடிதம் வருவதே நின்று போயிற்றாம்.

“பேங்க்காரனுக்கு இருந்த இரக்கம், கூடப் பொறந்தவனுக்கு இல்ல.”

சித்தப்பா தலையை நிமிர்த்தி மகளை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“சின்னக் கடனுக்கே போங்கண்ணே. நாளைக்கே போங்க.”

போய்ட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் அப்பா இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் ஊரில் இல்லை என்று ஊரில் இருந்துகொண்டே சொன்னார். இன்னொருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டாரோ என்னவோ, பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகளும் வங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்குச் சரியான ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையால் தட்டச்சு. சின்னக் கடனே போதும் என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் அவர் பெயரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் ஓடுதே சார். அச்சகத்துக்கு வாங்கினது.”

மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பெற்றவர் பேரில் கட்டாத கடன் இருந்தால் பிள்ளைக்குச் சின்னதும் கிடையாது, பெரியதும் கிடையாது என்று அவள் படித்திருந்தாள்.

“அது தள்ளுபடி ஆயிடுச்சும்மா,” என்றார் அப்பா. குரல் வீட்டில் பேசியது போல இல்லை.

“தள்ளுபடியெல்லாம் இல்ல சார். பயப்படாதீங்க, ஒழுங்காத்தான் இருக்கு. நாலு வருஷமா ஒரு மாசம்கூடத் தவறல. தவறியிருந்தா பாப்பாவுக்கு இந்தக் கடனும் கிடைச்சிருக்காது. கடிதம் நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குங்க.”

மகள் மூச்சை விட்டாள். அப்பாவுக்குத்தான் புரியவில்லை.

“நான் கட்டலையே.”

சொன்ன பிறகுதான், மகள் பக்கத்தில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

“நீங்க கட்டலைன்னு தெரியும் சார்.” அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையில் இருந்ததை அப்படியே படித்தாள். “நீங்க நிறுத்தினதும் ஜாமீன் போட்டவர் சம்பளத்துல பிடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. தண்ணி மீட்டர் பார்க்கிறவர் போலிருக்கு. இது முடியற வரைக்கும் பாவம், அவர் நெனச்சாலும் வேற யாருக்கும் ஜாமீன் நிக்க முடியாது.”