சட்டம் போடுகிற இடம்

“கட்சிக்காரரின்ர வரிசை பூநகரிக் கடல்வரைக்கும் நிக்குது, சேர்!” என்று கிளிநொச்சிக் கிளையிலிருந்து வீடியோ அழைப்பில் அளக்கிறான் சட்டத்தரணி கோகுலன். எதிரே கதிரைகளில் வெயில் மட்டும் கால் நீட்டிக் கிடக்கிறது. கொழும்பில் வழக்குக் கொடுத்துவந்த கம்பனிகள் படுத்துவிட்டதால்தான் அவன் வேலைபார்க்கும் பெரிய சட்ட நிறுவனம் இங்கே கடை விரித்து, ‘சிறு சட்ட வேலைகளும் செய்யப்படும்’ என்று பலகை மாட்டியிருக்கிறது. “ஒராளைக் காட்டும். இல்லாட்டிக் கிளையை மூடுவம்” என்கிறார் திரையில் நிறுவனத் தலைவர். அந்நேரம் துணுக்காயிலிருந்து வந்த ஞானேஸ்வரி மகளின் கலியாணப் படத்தை நீட்டுகிறார். “தம்பி, பலகையைப் பாத்திட்டு வந்தனான். இதுக்கொரு சட்டம் போட்டுத் தாங்கோ.” வெட்கத்தில் கோகுலன் கதிரைக்கால் உயரத்துக்குச் சுருங்கிப்போகிறான். தலைவர் பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் தொங்கும் தன் பட்டச் சான்றிதழைக் கழற்றி, அதன் சட்டத்திலிருந்து உருவிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, மணமக்களை உள்ளே செருகிக் கொடுக்கிறான். ஞானேஸ்வரி படத்தை நெஞ்சோடு அணைத்துப் படியிறங்கும்வரை அவன் தலை நிமிரவேயில்லை. திரையில் தலைவர் மெல்ல இருமுகிறார். “ஓம் கோகுலன், ஒராள் வந்தது உண்மைதான்.”