ஆளில்லாத மலை

முந்தல் செக்போஸ்ட்டில் ஜீப்பு நின்றபோது காலை மணி ஆறு இருபத்தைந்து. போனில் டிரெய்லர் வர இன்னும் ஐந்து நிமிடம்.

மாரீஸ்வரன் போனை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான். வேறெங்கும் இடமில்லை. பத்துப் பேர் உட்காரவேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், அவரவர் தூக்குவாளியோடு.

இதற்கு மேலே ஏறினால் சிக்னல் வந்து வந்து போகும். நல்லவேளையாக டிரைவர் அமாவாசை டீ குடிக்க இறங்கியிருந்தார். ஒரு டீயைப் பத்து நிமிடம் குடிக்கிற மனிதர். அவருடைய சோம்பேறித்தனத்தால் இன்றைக்காவது யாருக்கோ ஒரு புண்ணியம்.

நான்கு வருடமாக வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீடியோ கேமின் இரண்டாம் பாகம். உலகம் அழிந்து முப்பது வருடம் கழித்து நடக்கிற கதை. மிச்சமிருக்கிற ஒருத்தியாக நாம்தான் நடந்து போக வேண்டும். எதைத் தின்பது, யாரை நம்புவது, யாரை வழியில் விட்டுவிட்டுப் போவது, எல்லாம் நம் பாடு.

மூன்று முறை தேதியைத் தள்ளிவிட்டார்கள். முதல் பாகத்துக்குக் கதை எழுதியவர்கள் விலகிவிட்டார்கள். வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்கப்புறம் என்ன பெரிதாக வந்து கிழிக்கப் போகிறது?

போடியில் செல்போன் கடை வைத்திருக்கும் அவன் சிநேகிதன் பிரபுவுக்கு மட்டும் நம்பிக்கை குறையவே இல்லை. 'மாப்ளே, இந்தத் தடவ கட்டாயம் வருது, நீ வேணாப் பாரு' என்று ஐந்து மணிக்கே அனுப்பியிருந்தான். அதைப் படிக்கவே மாரீஸ்வரனுக்கு அசதியாக இருந்தது.

அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மலை இருக்கிறதா, இல்லையா.

கேமில் கடைசியாக வரவேண்டியது ஒரு மலைச்சரிவு. அதை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று ஆறு மாதமாக இணையத்தில் பேச்சு. மலை இல்லையென்றால் அந்தக் கேம் வந்தால் என்ன, வராவிட்டால்தான் என்ன. இதை அவன் பிரபுவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆறரை.

எரிந்த நகரம் வந்தது. துருப்பிடித்த பாலம் வந்தது. முகமூடி போட்டவர்கள் மாறி மாறிச் சுட்டுக்கொண்டார்கள். எல்லாக் கேமிலும் வருகிற அதே சங்கதிதான்.

ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. மலையைக் காணோம். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது பனி விலகி, மலை வந்தது.

பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு ஏலச்செடிகள். பின்னால், காயை உலர்த்துகிற ஸ்டோர் கூரை இடிந்து நின்றது. அந்தப் பெண் செடிகளுக்கு நடுவே குனிந்து நடந்து போனாள். மொத்தம் ஏழு விநாடி.

அவன் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தான்.

பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுருளியம்மாள் எட்டிப் பார்த்தாள். சிலமலைக்காரி, அவனுக்கு அத்தை முறை. இருபத்தைந்து வருடமாக ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவள்.

"எந்த எஸ்டேட்டு மருமகனே இது?"

"எஸ்டேட்டு இல்லத்தே, கேமு. ஒலகமே அழிஞ்சுபோச்சு. முப்பது வருசமா அந்த மலையில ஆளே கெடையாது."

அவள் போனைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"காயி தூருல இருக்கு. வெவரம் தெரிஞ்சவந்தேன் போட்டிருக்கான்."

ஏலக்காயைப் படம் போடுகிறவர்கள் உச்சியில் கொத்தாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். அது வேரருகே, மண்ணில் படர்கிற சரத்தில் காய்ப்பது மலையேறுகிறவர்களுக்குத்தான் தெரியும். மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அவள் போனைத் திருப்பித் தரவில்லை.

"ஆளே இல்லைங்குற. காஞ்ச தட்டைய அறுத்து, சருகெல்லாம் உரிச்சு, தூரு சுத்தமா இருக்கே. முப்பது வருசமா கவாத்துப் பண்ணுனது யாரு?"

அவன் போனை வாங்கிப் பார்த்தான். உண்மைதான். ஆளில்லாத மலை புதர் மண்டிக் கிடக்க வேண்டும். இதில் ஒரு செடியில்கூடக் காய்ந்த இலை இல்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, இரண்டு வருடம் அந்தச் செடிகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் செய்தபோது அவனுக்கு இது தோன்றவே இல்லை. அவனுக்கு மேலே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு அனுப்பிய பாதிப் பேரில் அவனும் ஒருவன். இதில் வேலை பார்த்ததாக வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவன் பார்த்த ஏலச்செடி எல்லாம் ஒருத்தி கவாத்துப் பண்ணிய செடிதான். அவனுக்கு வேறு மாதிரிச் செடி தெரியாது.

"எங்கம்மாதேன் அத்தே," என்றான்.

சுருளியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப்பாவி! ஒலகம் அழிஞ்ச பெறகும் அவள வேலைக்கு விட்டுட்டியே!"

அமாவாசை வண்டியை எடுத்தார். எதிர் சீட்டில், கவாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.