செம்பருத்திக்குக் காமாலை

தொட்டியில் இருந்த செம்பருத்தியின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. வைத்தியர் நத்தை வந்து ஓர் இலையைக் கடித்துப் பார்த்தார்.

“சந்தேகமே இல்லை, மஞ்சள் காமாலைதான். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைச்சு, மோரில் கலக்கி ஊத்தணும்.”

அதே தொட்டியில் முளைத்திருந்த கீழாநெல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயோ, காமாலையே இல்லைங்க! தொட்டியோட அடி ஓட்டை அடைச்சிருக்கு. தண்ணி தேங்கி அக்காவுக்கு வேர் அழுகுது. குச்சியால ஒரு குத்து குத்துனா போதும்!”

நத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கேன். மருந்து வாயைத் திறந்து பேசி இப்பத்தான் பார்க்கிறேன்!”

கீழாநெல்லி செம்பருத்தியைக் கெஞ்சலாகப் பார்த்தது. தேங்கிய தண்ணீரில் நின்றபடியே செம்பருத்தி அன்பாகச் சொன்னது:

“கோவிச்சுக்காதடி. எதுக்கும் ஒரு தடவை அரைபட்டுத்தான் பாரேன்.”