கடைசி வரிசைக்கு ஒரு ஸ்பீக்கர்

மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. லைன் வீடுகளுக்கு நடுவே கட்டிய வெள்ளைப் பனியன் துணியில் புரொஜெக்டரின் படம் சாயம் போனதுபோல் வெளிறித் தெரிகிறது. ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கும் இடம் இது. பழைய ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதால், புதிதைத் தேர்ந்தெடுக்கும் வேலை மூக்கையாவுக்கு. “இந்தச் சின்னதே போதுமுங்கண்ணா. பெருச வெச்சா காதர்பேட்டை வரைக்கும் கேக்குமுங்க” என்று, சின்னதும் பெரியதுமாக இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்திருக்கும் கடைக்காரர் தரணீதரன் சிரிக்கிறார். மூக்கையா கடைசி வரிசைக்கு, குழாயடி ஓரமாகப் போய் நிற்கிறார். அவர் மனைவி வெள்ளையம்மாள், பனியன் கம்பெனி நிட்டிங் மெஷின் இரைச்சலில் இருபது வருடம் நின்று காது மந்தமானவள்; போன தை மாதம் இறக்கும் வரை இங்கேதான் உட்காருவாள். வசனம் கேட்காவிட்டால் அவர் முழங்கையைக் கிள்ளுவாள். சின்னப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வருகிறது. “கேக்குதுங்களாண்ணா?” திரையருகில் இருந்தபடியே, குரலை உயர்த்தாமல்தான் கேட்கிறார் தரணீதரன். “கேக்கல தம்பி” என்கிறார் மூக்கையா. “பெருசையே வையுங்க.”